வென்ட் எங்கே வைப்பது? கதவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: சுமார் 110 சதுர மீட்டர் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று படுக்கையறைகள், சமையலறையோடு சேர்ந்த ஹால், இரண்டு குளியலறைகள், துணி துவைக்க ஒரு சின்ன அறை. வெளியே தூசியும் இரைச்சலும் அதிகம் என்பதால் ஜன்னல்களை எல்லாம் இறுக்கமாக மூடும் வகையில் மாற்றிவிட்டோம். புதுக் காற்றுக்கு, ஃபில்டரோடு கூடிய காற்றோட்டக் கருவி ஒன்றை நடைபாதையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைக்கப்போகிறோம். காண்ட்ராக்டர் தந்த வரைபடத்தில் எல்லா அறைகளிலும் கதவுக்கு நேர் மேலே ஒரு சப்ளை வென்ட் (புதுக் காற்று உள்ளே வரும் வாய்), அதன் பக்கத்திலேயே ஒரு எக்ஸாஸ்ட் வென்ட் (பழைய காற்றை இழுக்கும் வாய்). வெளிச்சுவரிலும் காற்றை எடுக்கும் வாயும் வெளியே விடும் வாயும் ஒட்டி ஒட்டி. காற்றுக் குழாயான டக்ட்டின் நீளம் குறையும் என்கிறார். என் மைத்துனரோ, கார்பன் டை ஆக்ஸைடு கனமான வாயு, எக்ஸாஸ்ட் தரையோரம்தான் இருக்கவேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? ராத்திரி சத்தம் வருமோ என்று மனைவிக்குக் கவலை. ஒரு குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வணக்கம். கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் அதுதான். அதற்குத் தனியாக வருகிறேன். முதலில் வரைபடம்.

காண்ட்ராக்டர் தந்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டின் தரைப்படத்தை எடுத்துப் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். புதுக் காற்று படுக்கையறைக்குள் வருகிறது. அங்கே இருப்பவர்கள் சுவாசித்த பிறகு கதவுக்கு அடியில் நழுவி நடைபாதைக்கு வருகிறது. அங்கிருந்து குளியலறைக் கதவின் அடியில் புகுந்து, ஈரத்தையும் வாடையையும் சேர்த்துக்கொண்டு கூரையோரத்து எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறுகிறது. இந்தப் பாதைதான் காற்றோட்ட அமைப்பு. வென்ட் என்பது பாதையின் இரண்டு முனைகள், அவ்வளவே. பாதையைப் போட்டுவிட்டால் வென்ட்டின் இடம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

ஆகவே படுக்கையறையில் எக்ஸாஸ்ட் வேண்டாம். குளியலறையில் சப்ளை கூடவே கூடாது. உள்ளே காற்றை ஊதினால் அங்குள்ள ஈரமும் வாடையும் கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் தள்ளப்படும். உங்கள் வீட்டுக்கு சப்ளை நான்கு: மூன்று படுக்கையறைகள், ஹாலின் உட்காரும் பகுதி. எக்ஸாஸ்ட் நான்கு: இரண்டு குளியலறைகள், துணி துவைக்கும் அறை, சமையல் பகுதி. நடைபாதைக்கு எதுவும் தேவையில்லை, அது காற்று கடந்துபோகும் இடம். மொத்தம் எட்டு. காண்ட்ராக்டர் போட்டிருப்பதில் கிட்டத்தட்ட பாதி. டக்ட்டை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அவருக்கும் இது இனிக்கவேண்டும்.

எவ்வளவு காற்று? அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, வீடுகளின் காற்றோட்டத்துக்கு வெளியிட்ட 62.2 தரநிலையின் கணக்கு எளிமையானது: ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்கு 0.15 லிட்டர், அதோடு படுக்கையறைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி 3.5 லிட்டரால் பெருக்கவேண்டும். உங்களுக்கு 16.5-உம் 14-உம் சேர்ந்து வினாடிக்கு 30.5 லிட்டர் வருகிறது. சுமார் 65 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 65 கன அடி). எக்ஸாஸ்ட் பக்கம் இங்கிலாந்தின் கட்டட விதிகளில் உள்ள அளவுகளை நான் பின்பற்றுவது வழக்கம். கருவி வேகமாக ஓடும்போது சமையலறைக்கு 13, குளியலறை ஒவ்வொன்றுக்கும் 8, துவைக்கும் அறைக்கு 8. கூட்டினால் 37 லிட்டர். எனவே சாதாரண நேரத்தில் 30-ஐ ஒட்டியும், குளிக்கும்போதும் சமைக்கும்போதும் 37-உம் ஓடும்படி கருவியை அமைத்தால் போதும். சாதாரண வேகத்தில் பெரிய படுக்கையறைக்கு 11, மற்ற இரண்டுக்கும் தலா 7, மிச்சம் ஹாலுக்கு.

பகலில் நடமாட்டத்தாலும் கதவு திறந்து மூடுவதாலும் காற்று எப்படியோ கலந்துவிடும். ராத்திரி கதவைச் சாத்திய படுக்கையறைதான் உண்மையான பரீட்சை. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு வெளிவிடுகிறார். இருவருக்கு 24. வினாடிக்கு 11 லிட்டர் புதுக் காற்று அறை முழுவதும் பரவினால், வெளிக்காற்றில் உள்ள 420 பி.பி.எம்.மோடு (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) சேர்த்து அறையின் அளவு 1,000-ஐ ஒட்டி நிற்கும். பரவாயில்லை. அதே கருவி, அதே 11 லிட்டர், ஆனால் சப்ளைக்குப் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் இருந்து பாதிக் காற்று கட்டிலை எட்டிப்பார்க்காமலே திரும்பிப் போய்விட்டால்? 1,600-ஐத் தாண்டும். காலையில் எழுந்தவுடன் தலை பாரமாக இருக்கிறது, புழுக்கமாக இருக்கிறது என்று சொல்வீர்கள். கருவியின் மீட்டரோ எல்லாம் சரியாக ஓடுவதாகக் காட்டும். உங்கள் வரைபடத்தில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் இதுதான்.

இதில் காண்ட்ராக்டர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. சப்ளையைக் கதவுக்கு மேலே வைப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். எக்ஸாஸ்ட்டை எடுத்துவிட்டால் அந்த இடம் வேலை செய்யலாம், ஆனால் வென்ட்டின் வகையைப் பொறுத்து. கூரையில் வட்டத் தகடு வைத்து நாலாபக்கமும் காற்றைச் சிந்தும் வால்வை அங்கே வைத்தால், காற்று அப்படியே இறங்கிக் கதவிடுக்கு வழியாக ஓடிவிடும். அந்த வகை என்றால் கதவுக்கு எதிர்ப்பக்கம், அறையின் உட்பாதியில் வையுங்கள். கதவுக்கு மேலேதான் என்றால், சுவரில் கூரையை ஒட்டி, காற்றைக் கிடைமட்டமாக எறியும் கிரில் அல்லது நாசில் வேண்டும். கூரையை ஒட்டி வேகமாக வரும் காற்று கூரையிலேயே ஒட்டிக்கொண்டு வெகுதூரம் போகும். ருமேனியப் பொறியாளர் கோவண்டாவின் பெயரில் அறியப்படும் விளைவு இது. எதிர்ச்சுவரை நெருங்கும்போது வேகம் குறைந்து மெதுவாக இறங்கும், கட்டிலில் இருப்பவருக்குக் காற்று அடிப்பதே தெரியாது. தயாரிப்பாளரின் அட்டவணையில் எறிதூரம், அதாவது கிரில்லிலிருந்து காற்று எட்டும் தூரம், என்று ஒன்று போட்டிருப்பார்கள். உங்கள் 11 லிட்டரில் அது அறையின் நீளத்தில் முக்கால் பங்காவது வரவேண்டும். வழியில் உத்தரமோ, கூரையிலிருந்து இறங்கிய விளக்குப் பெட்டியோ இருந்தால் காற்று அதில் மோதி நேராகக் கீழே விழும். உத்தரம் இருக்கும் அறையில் இந்த உத்தியை மறந்துவிடுங்கள்.

எந்த வகையானாலும் தலையணைக்கு நேர் மேலே, சோபாவுக்கு நேர் மேலே, அலமாரிக்குப் பின்னால், திரைச்சீலைக்கு மேலே வேண்டாம். அறையில் ஏசி இருந்தால் அதன் வெப்பநிலை உணரி மேல் காற்று நேராகப் படக்கூடாது. புகை எச்சரிக்கைக் கருவிக்கும் சப்ளை வென்ட்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் விடுங்கள். புதுக் காற்று புகையைக் கருவியிடம் அண்டவிடாமல் தள்ளிவிடும்.

இப்போது கதவு. யாரும் வரைபடத்தில் குறிக்காத வென்ட் இதுதான். ஜன்னலும் இறுக்கம், கதவும் தரையைத் தொட்டு மூடுகிறது, அறைக்குள் சப்ளை மட்டும் என்றால் காற்று உள்ளே வராது. மடையைத் திறந்து வைத்து வடிகாலை அடைத்த வயல் மாதிரி, கொஞ்ச நேரத்தில் உள்ளே அழுத்தம் ஏறி வரத்து நின்றுவிடும். 760 மி.மீ. அகலக் கதவுக்குத் தரையிலிருந்து 10 மி.மீ. இடைவெளி, அதாவது 7,600 சதுர மி.மீ. திறப்பு, என்பது மேலே சொன்ன இங்கிலாந்து விதிகளின் குறைந்தபட்சம். உங்கள் பெரிய படுக்கையறைக்கு 15 மி.மீ. விடச் சொல்வேன். தரை முழுவதும் டைல்ஸோ மரப்பலகையோ போட்டு முடித்த பிறகு இருக்கும் இடைவெளியைத்தான் அளக்கவேண்டும். தச்சர் வெறும் சிமெண்டுத் தரையில் 15 மி.மீ. விட்டுவிட்டுப் போவார், மேலே 12 மி.மீ. டைல்ஸ் வந்து உட்காரும், மிஞ்சுவது 3. குளியலறைக் கதவுக்கும் இதே இடைவெளி தேவை. நீர் வராமல் இருக்க வாசற்படியைச் சற்று உயர்த்தி, கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் பட்டையை எடுத்துவிடுங்கள், அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு கிரில் வையுங்கள். வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் இடுக்கு வழியாக வருவது பிடிக்காது என்றால், நிலைக்கு மேலே உட்புறம் ஒரு துளை, வெளிப்புறம் சற்றுத் தள்ளி ஒரு துளை, நடுவே ஒலி உறிஞ்சும் பஞ்சு என்று மடக்கி அமைக்கலாம். செலவு கூடும். கதவுக்கு மேலே காற்றை எறியும் கிரில் வைத்திருக்கும் அறையில் அந்தத் துளை கிரில்லின் வாயருகே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட்டின் இடம் சப்ளை அளவுக்குக் குழப்பம் தராது. காற்று ஊதும்போது வெகுதூரம் போகும். உறிஞ்சும்போது வாயருகே உள்ளதை மட்டும்தான் இழுக்கும். அதனால் எக்ஸாஸ்ட் ஈரம் எழும் இடத்துக்குக் கிட்டே இருக்கவேண்டும். குளியலறையில் கூரையில், ஷவர் பக்கமாக, தண்ணீர் நேராகத் தெறிக்காத தூரத்தில், கதவிலிருந்து எட்டி. கதவிடுக்கில் நுழையும் காற்று குளியலறை முழுவதையும் துடைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேரும். துவைக்கும் அறையில் துணி காயவைக்கும் கொடிக்கு மேலே.

சமையல் பகுதியில் ஒரு எச்சரிக்கை. அடுப்புக்கு மேலுள்ள சிம்னியை இந்தக் கருவியின் டக்ட்டோடு இணைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஃபில்டரை அடைத்து, டக்ட்டுக்குள் படிந்து, தீப்பிடிக்க இடம் தரும். சிம்னிக்குத் தனிக் குழாய், நேராக வெளியே. கருவியின் எக்ஸாஸ்ட் வென்ட் அடுப்பிலிருந்து தள்ளி, கழுவ முடிந்த கம்பிவலை ஃபில்டரோடு இருக்கட்டும். ஹாலும் சமையலறையும் ஒன்றாக இருப்பதால் ஹாலின் சப்ளையை அறையின் மறுகோடியில் வையுங்கள். காற்று உட்காரும் இடத்திலிருந்து அடுப்புப் பக்கம் ஓடவேண்டும். தலைகீழாக வைத்தால் தாளிக்கும் நெடி சோபாவுக்கு வரும்.

உங்கள் மைத்துனருக்கு: கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனம் என்பது உண்மைதான். ஆனால் நம் மூச்சு வெளிவரும்போது உடற்சூட்டோடு, காற்றோடு கலந்தே வருகிறது. உடல் வெப்பத்தால் எழும் காற்று அதை மேலே தூக்கிச் செல்கிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு என்ற அளவில் அது தனியே பிரிந்து தரையில் படியாது. நீராவியும் சமையல் நெடியும் மேலேதான் சேரும். தரையோர எக்ஸாஸ்ட் தூசியையும் முடியையும் இழுப்பதைத் தவிர வீட்டில் ஒன்றும் சாதிக்காது. அவர் சொல்லும் தர்க்கம் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: எல்.பி.ஜி. கசிந்தால் அது உண்மையிலேயே தரையில் தேங்கும். சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரைமட்டத்தில் வெளியே திறக்கும் துளை வேண்டும். அது பாதுகாப்புத் துளை, இந்தக் கருவியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் எப்போதும் திறந்தே இருக்கவேண்டியது.

வெளிச்சுவர். ஒட்டி ஒட்டி வைத்த இரண்டு வாய்கள் என்றால், குளியலறையிலிருந்து வெளியே தள்ளிய காற்றையே ஒரு பகுதி திரும்ப இழுத்துப் படுக்கையறைக்கு அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். ஆஷ்ரே 62.2 பொதுவாகச் சொல்வது, காற்றெடுக்கும் வாய் அசுத்தம் வெளிவரும் எந்த இடத்திலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்று. உங்கள் எக்ஸாஸ்ட், சிம்னிக் குழாய், கீசரின் புகைக்குழாய், கழிவுநீர்க் குழாயின் காற்றுப்போக்கி, வண்டி நிறுத்துமிடம், ஜெனரேட்டர், குப்பைத் தொட்டி எல்லாம் அதில் அடங்கும். முடிந்தால் வேறு வேறு சுவர்கள். ஏசியின் வெளி யூனிட் ஊதும் சூடான காற்று காற்றெடுக்கும் வாயில் படக்கூடாது. தரையை ஒட்டியும் வேண்டாம். தூசியும் பெருக்கித் தள்ளும் குப்பையும் நேராக ஃபில்டருக்குப் போகும். காற்றெடுக்கும் வாய்க்குக் கொசுவலை அடிக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு நுண்ணிய வலை சீக்கிரமே தூசியால் அடைபட்டு, வெளியே ஏணி வைத்து ஏறிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாமல் கிடக்கும். பறவையும் எலியும் நுழையாத வலை போதும், பூச்சியைக் கருவிக்குள் இருக்கும் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் டக்ட் வெளிப்பக்கம் சற்றே சரிவாக இருக்கட்டும். அதன் முனை கட்டாயம் வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் முடியவேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே விட்டுவிட்டு மூடிவிடும் வேலையையும் நான் பார்த்திருக்கிறேன்.

சத்தத்துக்கு வருவோம். உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. சத்தம் தாங்காமல் கருவியை அணைத்துவிட்டால் இத்தனை கணக்கும் வீண். காற்றுச் சத்தம் பெரும்பாலும் வேகத்தால் வருகிறது. டக்ட்டில் காற்றின் வேகம் பிரதானக் குழாயில் வினாடிக்கு 3 மீட்டருக்குள்ளும், படுக்கையறைக்குப் போகும் கிளையில் 2 மீட்டருக்குள்ளும் இருக்கட்டும். 100 மி.மீ. குழாயில் 11 லிட்டர் போனால் 1.4 மீட்டர், நிம்மதி. பிரதானக் குழாய் 125 மி.மீ. என்றால் 37 லிட்டரில் வேகம் 3 மீட்டரைத் தொட்டுவிடும், 150 மி.மீ. போடச் சொல்லுங்கள், 2.1-க்கு இறங்கும். வளையும் குழாயைச் சுருக்கமில்லாமல் முழுக்க இழுத்துக் கட்டவேண்டும். மிச்சமான நீளத்தை வெட்டாமல் சீலிங்குக்குள் சுருட்டித் திணிப்பது சோம்பேறித்தனம், அந்தச் சுருக்கம் ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கும், இரையும்.

கருவிக்கும் முதல் கிளைக்கும் நடுவே ஒரு சைலன்சர், அதாவது சத்தத்தை உறிஞ்சும் குழாய்த்துண்டு, வைக்கவேண்டும். இரண்டு படுக்கையறைகளுக்கு ஒரே கிளையிலிருந்து காற்று பிரிந்தால், ஒரு அறையில் பேசுவது அடுத்த அறைக்குத் தெளிவாகக் கேட்கும். பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய பிரச்சினையாகும். தனித்தனிக் கிளைகள் போடுங்கள், அல்லது ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சைலன்சர்.

வென்ட்டையும் கிட்டப் போய்ப் பாருங்கள். வட்ட வால்வின் நடுவே ஒரு தகடு திருகில் நிற்கும். அதைச் சுற்றினால் விளிம்போடு உள்ள இடைவெளி கூடும், குறையும். ஒரு அறைக்குக் காற்று அதிகம் போகிறது என்றால் அவசரக்காரர் இந்தத் தகட்டை உள்ளே திருகி இடைவெளியை இரண்டு மூன்று மி.மீ.க்குக் கொண்டுவந்துவிடுவார். காற்றும் குறையும், கூடவே விசில் சத்தம் தொடங்கும், அதுவும் ராத்திரி வீடு அடங்கிய பிறகு. அளவைக் குறைக்கவேண்டிய இடம் கருவிக்குப் பக்கத்தில் உள்ள டேம்பர், அதாவது குழாய்க்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு. வால்வின் தகடு கடைசிச் சின்னத் திருத்தத்துக்கு மட்டும்.

கேஸ் கீசருக்கு வருகிறேன். குளியலறைக் காற்றையே எடுத்து எரியும் கீசர் இருக்கும் அறையில் எக்ஸாஸ்ட் வைத்தால், அந்த உறிஞ்சல் கீசரின் புகையைக் குழாய் வழியாக வெளியே போகவிடாமல் அறைக்குள் திருப்பி இழுக்கலாம். அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். நிறமில்லை, வாடையில்லை, மயங்கி விழும்வரை தெரியாது. ஜன்னல்களை இறுக்கமாக மாற்றிவிட்டதால், காற்றோட்டக் கருவி வருவதற்கு முன்பே, இப்போதே உங்களுக்கு இந்த ஆபத்து இருக்கிறது. சமையலறை சிம்னி ஓடும்போதும் இதே கதை. சிம்னி ஒன்று வினாடிக்கு 200 லிட்டர் வரை இழுக்கக்கூடும், உங்கள் கருவி தருவது 37, அதையும் அதன் எக்ஸாஸ்ட்டே எடுத்துவிடும். சிம்னிக்கு வேண்டிய காற்றை வீடு எங்கிருந்தாவது இழுக்கும், கீசரின் புகைக்குழாயும் அதற்கு ஒரு வழிதான். கீசரைக் குளியலறையிலிருந்து வெளியே எடுங்கள், அல்லது மின்சாரத்துக்கு மாற்றுங்கள், அல்லது எரியும் காற்றை வெளியிலிருந்தே எடுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் சீல் செய்த வகையைப் போடுங்கள். அதுவரை அந்தக் குளியலறையில் எக்ஸாஸ்ட்டை இயக்கவேண்டாம், கீசர் எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை இந்த வாரமே வாங்கி மாட்டுங்கள். சிம்னியை ஓட்டும்போது சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறப்பது, கீசர் போன பிறகும் நல்ல பழக்கம்தான்.

வேலை முடிந்தபின் காண்ட்ராக்டரிடம் ஒரு தாளை வாங்குங்கள்: எட்டு வென்ட்டிலும் அளந்த காற்றளவு, சப்ளையின் கூட்டுத்தொகை, எக்ஸாஸ்ட்டின் கூட்டுத்தொகை. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். அளந்துகாட்ட மறுத்தால் கடைசித் தவணையை நிறுத்திவையுங்கள். நீங்களே பார்க்க ஒரு வழியும் உண்டு. கருவியை ஓடவிட்டு, எல்லா ஜன்னல்களையும் சாத்தி, படுக்கையறைக் கதவை மூடி, நடைபாதைப் பக்கம் குனிந்து ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை இடுக்கருகே பிடியுங்கள். தாள் உங்களை நோக்கி வளைந்தால் சரி. குளியலறை வாசலில் தாள் கதவை நோக்கி இழுபடவேண்டும். எங்காவது தாள் அசையாமல் நின்றால் அந்த அறையின் பாதை எங்கோ அடைபட்டிருக்கிறது; வென்ட்டைக் கழற்றுவதற்கு முன் கதவிடுக்கைப் பாருங்கள்.

கருவியின் ஃபில்டரை எடுக்கும் மூடி சீலிங்கில் கைக்கு எட்டும்படி, முழுதாகத் திறக்கும் அளவில் இருக்கிறதா என்று பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். சீலிங் மூடும் முன் டக்ட் போகும் வழி, டேம்பர் இருக்கும் இடங்கள் எல்லாவற்றையும், பக்கத்தில் அளவுநாடாவை விரித்து வைத்து, ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.